மாநில இளைஞர் விருதின் விதிகளைத் திருத்துங்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கான தேர்வுக் குழுவினருக்கும், அவ்விருதின் விதிகளை வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும்,

என் முன்னாள் மாணவி ஒருத்தி இந்த விருதுக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய கோப்பு எங்கள் மாவட்டத்தைத் தாண்டவில்லை. தொண்டு அளவிடும்படியாக இல்லை, ஊர் மக்களிடம் செல்வாக்கு இருப்பதற்கும் சான்று இல்லை என்று ஓர் அலுவலர் அவளிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அலுவலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விதியில் உள்ளதைத்தான் அவர் படித்துச் சொன்னார். விதியே தவறு என்பதுதான் என் முறையீடு. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரை ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இந்தப் பகுதியில் ஆசிரியர் வேலை பாடம் நடத்துவதோடு முடிவதில்லை. பையன்களின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். நேற்று இல்லாத சாதிக் கயிறு இன்று எப்படி வந்தது, எவன் எவனோடு ஒரே பெஞ்சில் உட்கார மறுக்கிறான், எந்த ஊரில் கோயில் கொடை விழா நெருங்குகிறது, எவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் படம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஆசிரியரின் வகுப்பில் ஒருநாள் மேசைக்கு அடியிலிருந்து கத்தி வரும்.

உங்கள் விருது 2015 முதல் ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் வழங்கப்படுகிறது. 15 முதல் 35 வயது வரையுள்ள மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். ஒரு லட்சம் ரூபாய், பாராட்டுப் பத்திரம், பதக்கம். நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட விருது இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறிவிக்கையில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. செய்த தொண்டு கண்டறியப்படக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கடந்த நிதியாண்டில் செய்த சேவை மட்டுமே கணக்கில் வரும். விண்ணப்பதாரருக்கு உள்ளூர் மக்களிடம் உள்ள செல்வாக்கும் பரிசீலிக்கப்படும். மரக்கன்று நடுகிறவர்களுக்கும் இரத்ததான முகாம் நடத்துகிறவர்களுக்கும் இவை பொருந்தலாம். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சாதிச் சண்டை மூளாமல் காக்கிற பிள்ளைக்கும் நீதி கேட்டு மனு எழுதுகிற பிள்ளைக்கும் இந்த மூன்றுமே கதவடைப்புதான்.

அவள் செய்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் தொல்லை அவளுக்குத்தான். சாதியால் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டாகக் கிடக்கும் ஊர். 2021 இல் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது அவள் தன்னார்வலராகச் சேர்ந்தாள். வகுப்பைத் தன் கீழத்தெருவிலேயே வைத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருந்த ரேஷன் கடைத் திண்ணையைத் தேர்ந்தெடுத்தாள். மேலத்தெருத் தாய்மார்களிடம் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள். உள்ளே வா என்று அவளை யாரும் அழைக்கவில்லை. கணக்கு வராத மகளை வைத்துக்கொண்டு கவலைப்பட்ட ஒரு தாய்தான் முதலில் பிள்ளையை அனுப்பினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. முதலில் பிள்ளைகள் அவரவர் தண்ணீர் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாளடைவில் பாட்டில்கள் கைமாறின. அதை ஒரு வீட்டில் பார்த்துவிட்டார்கள். சில வாரங்கள் அந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை. அவள் மறுபடியும் அதே வாசல்களில் போய் நின்றாள்.

இப்படி வளர்ந்த பழக்கம் ஒரு கொடை விழாவில் ஊரைக் காப்பாற்றியது. சாமி ஊர்வலம் கீழத்தெரு முனைக்கு வரும் நேரம். மேலத்தெருப் பெண் ஒருத்தியைக் கீழத்தெருப் பையன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி ஓடியது. இரண்டு பக்கமும் ஆட்கள் திரண்டார்கள். அந்தப் பெண் யார் என்று கண்டுபிடித்து, அவளையும் அவள் தாயையும் பேச வைத்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அந்தக் குரல்பதிவை இரண்டு தெருப் பையன்களுக்கும் அனுப்பியவள் என் மாணவி. மேலத்தெருவில் அதை வீடு வீடாகப் போய்க் கேட்க வைத்தவன், அவளோடு பள்ளியில் படித்த அந்தத் தெருப் பையன் ஒருவன். ஊர்வலம் முனையைக் கடந்து போயிற்று. மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரியும் இல்லை. காவல் நிலையத்தில் வழக்கு இல்லை, மருத்துவமனையில் காயச்சான்று இல்லை. அந்த இரவில் யாருடைய மகன் பிழைத்தான் என்று அவளாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. அவள் எதை அளந்து விண்ணப்பத்தில் எழுதுவாள்?

அவளைப் போல ஒருவர் இல்லாத இடத்தில் நடந்ததை மட்டும் நம்மால் எண்ண முடிகிறது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கையில் கட்டும் கயிறு தொடர்பான மோதலில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை, அவனோடு படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே பாய்ந்து தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்த மாணவன் மறு ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். நாடே அவனைப் பாராட்டியது, மகிழ்ச்சி. அந்தத் தங்கை அந்த இரவில் செய்த காரியத்தை எத்தனை பேர் பேசினோம்? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவன் அணி வென்றது பின்னணியாகச் சொல்லப்பட்டது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏளனம், மிரட்டல், கைப்பேசிச் செய்தி என்று நாட்கணக்கில் ஏதோ நடந்திருக்கும். உடன் படிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் அது தெரிந்திருக்கும். ஆசிரியர் அறைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நின்று பேசக்கூடியவர் அதே வயதுக்காரர் ஒருவர்தான். இதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன். தலைமையாசிரியர் திட்டினால் கயிற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். வாயிலைத் தாண்டியதும் கட்டிக்கொள்வான். 2019 இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு கிளம்பியது, கயிறு அப்படியே இருந்தது. ஆனால் கூடப் பந்து விளையாடுகிற நண்பன் ‘இது எதற்குடா’ என்று ஒரு தடவை கேட்டதற்காகக் கழற்றிப் போட்டவனை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுக்கப்பட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, கயிறு, மோதிரம், நெற்றி அடையாளங்களைத் தடை செய்வது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்றை உருவாக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அந்தப் பரிந்துரையைப் படித்தபோது என் மாணவியைத்தான் நினைத்தேன். சீருடையும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள். அரசே அமைத்த குழு இப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டும் என்கிறது. ஏற்கெனவே இருக்கும் பிள்ளையை அதே அரசின் விருது விதி திருப்பி அனுப்புகிறது.

செல்வாக்கு என்ற நிபந்தனைதான் என்னை மிகவும் வருத்துகிறது. கீழத்தெரு மயானத்துக்குப் போகும் பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்தார். வயல் வரப்பில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மாணவி வருவாய்த் துறைப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, அது பொதுப் பாதைதான் என்பதற்கான நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாள். திரும்பத் திரும்பக் கொடுத்தாள். வேலி அகன்றது. அன்றோடு ஊர்ப் பெரியவர்கள் பலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஊரில் அமைதியைக் கெடுக்கிறாள் என்றார்கள். பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தவளையே அப்படிச் சொன்னார்கள். விருதுக்காக ஆதரவுக் கடிதம் கேட்டுப் போனபோது, கையெழுத்துப் போட்டால் தன் தெருவில் தலைகாட்ட முடியாது என்று ஒரு மக்கள் பிரதிநிதி வெளிப்படையாகவே சொன்னார். கொடை இரவில் அவளோடு நின்ற மேலத்தெருப் பையனின் நிலை இன்னும் மோசம். தன் கயிற்றை அறுத்துப் போட்டதற்காகச் சித்தப்பா, மாமா வீடுகளில் அவனுக்கு அழைப்பு நின்றுபோயிற்று. தங்கை திருமணத்தில் அவன் ஓரமாக நின்றதை நானே பார்த்தேன். இந்த இருவரின் ‘உள்ளூர்ச் செல்வாக்கு’ என்ன என்று ஊரில் விசாரித்தால் என்ன பதில் வரும்? அநீதியை எதிர்த்தவரின் தகுதியை அந்த அநீதியைச் செய்தவர்களிடமே போய்க் கேட்பது போன்றது இந்த விதி. ஊர் முழுவதும் நல்லவன் என்று சொல்கிற இளைஞன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் சாதி கெட்டியாக இருக்கும் ஊரில் நீதிக்காக ஒரு அடி எடுத்து வைத்தவரை ஊர் முழுவதும் புகழாது.

ஓராண்டுக் கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மரக்கன்றை ஒரே நாளில் நடலாம். வாசலுக்கு வெளியே நின்றவளை உள்ளே வந்து உட்கார் என்று ஒரு வீடு சொல்வதற்கு ஆண்டுகள் ஆகும். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற வேலை இது இல்லை.

விருது கொடுத்தால் சாதி போய்விடுமா என்று என்னோடு பணிசெய்த நண்பர்களே கேட்கிறார்கள். போகாது. ஆனால் எங்கள் ஊர்களில் இளைஞர்களுக்கு மரியாதை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். வெட்டு வழக்கில் ஜாமீனில் வந்தவனுக்குப் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். சிங்கம், வேல்கம்பு, மீசை, நடுவில் அவன் முகம், கீழே வரிசையாகப் பத்தாம் வகுப்புப் பையன்களின் முகங்கள். மாலையும் பட்டாசும் உண்டு. அந்தச் சின்ன முகங்களில் பல என் வகுப்பில் உட்கார்ந்தவை. யார் கழுத்தில் மாலை விழுகிறது என்பதைப் பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகள் உற்றுக் கவனிக்கிறார்கள். அங்கே அரசின் மாலை விழாதவரை அவர்கள் பார்ப்பது அந்த பிளெக்ஸ் ஒன்றைத்தான். மயானப் பாதையை மீட்டவளுக்கும் கயிற்றை அறுத்தவனுக்கும் சுதந்திர தினத்தன்று மாநிலத்தின் முதலமைச்சர் கையால் பதக்கம் கிடைத்தது என்றால், மறுநாள் காலை பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு தமிழாசிரியை அதைச் சொல்ல முடியும். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெளிச்சம் இவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும். 2019 ஜூனில் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில், சாதித் தாக்குதலை எதிர்த்து நின்ற ஓர் இளைஞர் அமைப்பின் பொறுப்பாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். மத நல்லிணக்கத்துக்காக ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் அரசு கோட்டை அமீர் பெயரில் பதக்கம் வழங்குகிறது. கோவையில் இரு தரப்பையும் ஒன்றாக வைக்கப் பாடுபட்டு 1994 இல் கொல்லப்பட்டவர் அவர். பதக்கம் அவர் பெயரில் வந்தது 2000 இல். இறந்தவரின் பெயரைப் போற்றுவது நம் கடமை. அந்தப் பதக்கத்தை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் இன்று உயிரோடு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளைகளுக்குப் பதக்கத்தோடு பாதுகாப்பும் சேர்ந்து வர வேண்டும். தீண்டாமை இல்லாமல் ஒற்றுமையாக வாழும் கிராமங்களுக்கு அரசு பரிசுத் தொகை தருகிறது. ஊரை அந்த நிலைக்குக் கொண்டுவர யார் வாசல் வாசலாக நின்றார் என்று அந்தப் பரிசோடு சேர்த்துக் கேட்பதில்லை.

சமாதானக் கூட்டங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். மோதல் நடந்த பிறகு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்தில் இரண்டு பக்கமும் நரைத்த தலைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. இளைஞர்களின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் மட்டும் வருகிறது. தடுக்கப் போனவன் பெயரும் சில சமயம் அதில் சேர்ந்துவிடுகிறது. அவன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கிறது. 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 2250 ஆம் தீர்மானத்தில், அமைதிப் பேச்சிலும் முடிவுகளிலும் இளைஞர்களுக்கு இடம் கொடுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அந்த இடம் எங்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு நாற்காலி போடுவதில் தொடங்கட்டும்.

இனி என் கோரிக்கைகள். அடுத்த ஆண்டு அறிவிக்கை வெளிவருமுன் இவற்றில் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர் விருதில் சமூக நல்லிணக்கத்துக்கும் நீதிக்கும் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்துங்கள். குறைந்தது ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் அதில் இடம் இருக்கட்டும். அந்தப் பிரிவுக்கு அளவிடக்கூடிய தொண்டு என்ற நிபந்தனையும் ஓராண்டுக் கணக்கும் வேண்டாம். அதற்குப் பதிலாகத் தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் நேரில் ஊருக்கு வரட்டும். பிள்ளைகளிடம் பேசட்டும், அங்கன்வாடிப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கேட்கட்டும், ஒடுக்கப்பட்ட தெருவில் உள்ள பெண்களிடம் கட்டாயம் கேட்கட்டும்.

உள்ளூர்ச் செல்வாக்கு என்ற விதியை இந்தப் பிரிவிலிருந்து அடியோடு நீக்குங்கள். ஆதரவுக் கடிதம் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பது விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் காரணமாகக் கூடாது; ஏன் முன்வரவில்லை என்று விசாரிக்கக் காரணமாக வேண்டும். மோதலைத் தடுக்கப் போய் வழக்கில் சேர்க்கப்பட்டவர்களின் விண்ணப்பத்தை வழக்கு எண்ணைப் பார்த்ததும் ஒதுக்காமல், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தாமாக விண்ணப்பிக்கத் தயங்குகிற பிள்ளைகளை ஆசிரியர்களும் மற்றவர்களும் பரிந்துரைக்க வழிசெய்யுங்கள். என் மாணவியை விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். அந்த மேலத்தெருப் பையன் விண்ணப்பிக்கவே மாட்டான்.

பெயரை வெளியிடலாமா, படத்தை வெளியிடலாமா என்று தேர்வானவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விருதை மூடிய அறையில் கொடுங்கள். வெளியிட ஒப்புக்கொண்டால், அவருடைய பாதுகாப்புக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பொறுப்பேற்பதாக எழுத்தில் கொடுங்கள்.

வருவாய்க் கோட்ட அளவிலான சமாதானக் குழுக்களில் ஒவ்வொரு தரப்பிலிருந்தும் முப்பது வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் உறுப்பினராக்க உத்தரவிடுமாறு அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். நீதிபதி சந்துரு குழு சொன்ன மாணவர் படை தொடங்கப்படும்போது இந்த விருது பெற்றவர்களை அதற்குப் பயிற்சியாளர்களாக அழையுங்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களுக்கு எழுத்தில் காரணம் கொடுங்கள். என் மாணவிக்கும் கொடுங்கள். அது கிடைத்ததும் முறைப்படி மேல்முறையீட்டு மனுவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி
திருநெல்வேலி மாவட்டம்